கிரகணத்துக்கு முன்பே

இன்று காலை ஆய்வகத்தில் அடைகாப்புப் பெட்டியைத் திறந்ததும் அதே வாடை முகத்தில் அடித்தது. சூடான முட்டை ஓடும் ஈரமும் கலந்த வாடை. உனக்கு அது பிடிக்கும். எனக்கோ நீ போனதிலிருந்து அந்தப் பெட்டிப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. ஆனாலும் பிழைப்பு இதுதான், திறக்காமல் முடியாது.

இதே மேசையில்தான் கோழி முட்டை ஓட்டில் சிறு சன்னல் வெட்டி, உள்ளே கரு வளர்வதைப் பார்த்துக்கொண்டிருப்போம். மூளைக்கு அடியில் இருக்கும் செல்கள் ஒரு புரதத்தைச் சுரந்து வெளியே விடும். மேலே உள்ள செல்கள் அதை வாங்கிக்கொண்டால்தான் மூளை இரண்டாகப் பிரியும், கண்ணும் இரண்டாகும். புதிதாக வரும் மாணவர்களுக்கு நீ இதைச் சொல்லும் விதமே தனி. "கீழ் வீட்டுல இருந்து சேதி போகணும்ப்பா. போகலைன்னா மேல் வீட்டுக்காரன் நடுச்சுவரே எழுப்ப மாட்டான்" என்பாய்.

உனக்கு நாலாம் மாதம் நடந்தபோது சூரிய கிரகணம் வந்தது. பேரையூரிலிருந்து வந்திருந்த உன் மாமியார் கதவைச் சாத்தி உன்னை உள்ளே இருக்கச் சொன்னார். கல்லூரியில் கரண்ட் போய்விட்டது, முட்டைகள் ஆறிவிடும் என்று நீ ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாய். "வீட்ல ஒரே ரகளைடி" என்று சிரித்தாய்.

அடுத்த மாதம் கே.கே. நகரில் ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையையே பார்த்தார். அவர் சொல்லுமுன் நீயே படித்துவிட்டாய். பிள்ளையின் மூளை பிரியவே இல்லை. நம் முட்டைகளில் அந்தப் புரதத்தைத் தடுத்து நாமே உண்டாக்கிப் பார்த்த அதே குறை.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். "அன்னைக்கு நான் வெளிய வந்திருக்கக் கூடாதோடி?"

எனக்குக் கோபம்தான் வந்தது. உனக்கா தெரியாது? "லூசு, மூளை பிரியிறதெல்லாம் ரெண்டாம் மாசத்துலயே முடிஞ்சு போச்சு. கிரகணம் அதுக்கு எம்புட்டோ பின்னாடி" என்றேன்.

"தெரியும். யாராச்சும் வாயால சொல்லிக் கேக்கணும் போல இருந்துச்சு."

பிள்ளை உயிரில்லாமல் வந்தது. உனக்கு ரத்தம் நிற்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் உன் மாமியார் வந்தவர்களிடமெல்லாம் கிரகணத்தையே சொல்லிக்கொண்டிருந்தார். "அம்புட்டு சொன்னேன், கேக்கலையே." செத்த பிறகும் பழி உன் தலையில் விழுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, உன்னிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னேன். கிரகணத்துக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது, அவள் மேல் தப்பில்லை, யார் மேலும் தப்பில்லை என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"யாரு மேலயும் தப்பில்லைன்னா, நான் யாரைத் தாயி வையிறது?" என்று கேட்டுவிட்டு, அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதார்.

எனக்கும் இன்றுவரை யாரையாவது வைய வேண்டும் போலத்தான் இருக்கிறது. ஆள்தான் இல்லை.