உங்கள் திதியன்று குமரேசன் சாப்பிட வந்தார்

என் பிரியமுள்ள கயல் அப்பாவுக்கு,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட இப்போதும் வாய் வரவில்லை. இந்தக் கடிதத்தை நான் ஒட்டி மூடி வைக்கப் போவதில்லை. நம் தெருவில் இந்தப் பேச்சு ஏற்கெனவே நாலு விதமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நடந்ததை நானே சொல்லிவிட்டால் உங்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

போன மாதம் உங்கள் இரண்டாம் வருஷத் திதி. கயல் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுச் சேலத்திலிருந்து வந்திருந்தாள். உங்கள் தம்பி சேகரும் அவர் மனைவி சுதாவும் இலைக்கட்டோடு வந்தார்கள். படத்துக்கு முன்னால் படைத்து, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் குமரேசன் நிற்கிறார். கையில் ஒரு பை சாமை.

அவர் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் அவர் ஊர். அவர் கள்ளக்குறிச்சியில் ஐ.டி.ஐ. படித்தபோது நான் தையல் பழகிக்கொண்டிருந்தேன். விரும்பினோம். கீழ்நாட்டுப் பெண் வேண்டாம் என்றார்கள் அவர் வீட்டில். மலைக்காரன் வேண்டாம் என்றார்கள் எங்கள் வீட்டில். சேலத்துக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்வதாகப் பேசி, சின்னசேலம் ஸ்டேஷனில் துணிப்பையோடு காத்திருந்தேன். ரயில் வந்தது, போனது. அவர் வரவில்லை.

அடுத்த வருஷம் உங்களைக் கட்டிக்கொண்டேன். அந்த வாரமே எல்லாவற்றையும் உங்களிடம் சொன்னேன். நீங்கள் வெள்ளிமலை பஸ்ஸில் கண்டக்டர். "உன் ஆளு இன்னிக்கு நம்ம வண்டியிலதான் வந்தாரு, பேசவே மாட்டேன்றாரு" என்று எத்தனை முறை என்னைச் சீண்டியிருப்பீர்கள். ஒருமுறைகூட அதில் முள் இருந்ததில்லை.

அதே வண்டியில்தான் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். உங்களை ஜீப்பில் ஏற்றி, தலையை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை வளைவுகளையும் இறங்கி வந்தவர் குமரேசன். ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். அதன் பிறகு சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் உங்கள் அம்மாவை, என் அத்தையை, ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போவார். வாசலோடு சரி. அவரைக் கட்டிய பெண் ரொம்ப நாள் முன்பே கோர்ட்டில் தீர்த்துக்கொண்டு பிரிந்துபோய் வேறு இடத்தில் வாழ்கிறாள் என்பதும் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்று அவரைச் சாப்பிட அழைத்திருந்ததும் அத்தைதான். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் பக்கத்து இலையிலேயே உட்கார வைத்தார். எதிரில் சேகரும் கயலும். நானும் சுதாவும் பரிமாறினோம். குமரேசன் இலைக்குச் சாம்பார் ஊற்றும்போது நான் வெளியே சிந்தியதைச் சேகர் பார்த்துவிட்டார்.

"எங்க வூட்டுக்கு எதுக்குங்க வந்துக்கினு போயிக்கினு இருக்கீங்க?" என்றார்.

குமரேசன் பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுத்தார். அத்தை குரலை உயர்த்தவில்லை.

"நான்தான்டா வரச் சொன்னேன். ஊரு பேசறதுக்கு முன்னாடி நம்ம வூட்ல பேசிடலாம்னு."

"இன்னா பேசறது?"

"மல்லிகாவ இவருக்குக் கட்டி வெக்கலாம்னு."

சுதா பொரியல் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். கயல் என்னைப் பார்த்தாள், நான் உங்கள் படத்தைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பேன், சொல்லுங்கள்.

சேகரின் முகம் சிவந்துவிட்டது. "அண்ணனுக்குப் படைச்ச சோறு இன்னும் ஆறல, அதுக்குள்ளயாம்மா?"

அத்தை குமரேசன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. ஜீப்புல வரும்போது என் புள்ள உன்கிட்ட எதுனா சொன்னானா?"

வீடே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. 'மல்லிகாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. சேகருக்கும் பதில் இருக்காது. அத்தை அந்த வார்த்தைக்காகத்தான் வழி திறந்துவிட்டார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

"இல்லம்மா. ஒண்ணும் சொல்லல. என் கையப் புடிச்சிக்கினு இருந்தாரு, அவ்ளோதான்."

சேகர் எழுந்தார். பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு வெளியே போனார். சுதா என்னைப் பார்த்தபடியே அவர் பின்னால் போனாள். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

கயல்தான் வாயைத் திறந்தாள். "எல்லாரும் பேசறீங்க. அம்மாவ யாருனா கேட்டீங்களா?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அவரை முகத்துக்கு நேராகப் பார்த்துக் கேட்டேன், "அன்னிக்கு சின்னசேலத்துக்கு ஏன் வரல?"

யாராவது கட்டிப்போட்டார்கள், அடித்தார்கள், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஏதாவது காரணம் வரும் என்று இத்தனை வருஷமாக எனக்குள் நானே சமாதானம் செய்து வைத்திருந்தேன்.

"பயந்துட்டேன் மல்லிகா. யாரும் தடுக்கல. பஸ்சு ஏறி, பாதி வழியில எறங்கித் திரும்பிட்டேன்." இலையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா வந்துட்டேன்."

அழுகை வரவில்லை. கோபம் வந்தது, நன்றாகவே வந்தது. "சாப்ட்டு முடிங்க. பாதியில எழுந்திரிக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை பின்னாலேயே வந்து என் முதுகில் கை வைத்தார்.

இரண்டு வாரம் யாரிடமும் பேசவில்லை. உங்களிடம்தான் பேசினேன். உங்களுக்குக் கோபமா? இல்லை, வழக்கம்போலச் சிரிக்கிறீர்களா? தெரியவில்லை. அவர் மடியில் கிடந்தபோது உங்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? அதுவும் எனக்குத் தெரியாது. செத்துப்போன உங்கள் பெயரைச் சொல்லி என்னை வாங்க அவர் முயலவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்ப யோசித்தேன். பிறகு ஒருநாள் காலையில் அத்தைக்கு டீ கொடுக்கும்போது, "சரிங்க அத்த" என்றேன். அவர் அழுதார். மகனை நினைத்து அழுதாரா, என்னை நினைத்தா, நான் கேட்கவில்லை.

கயலிடம் போனில் சொன்னேன். "எனக்குக் கொஞ்சம் டைம் குடும்மா" என்றாள். கொடுத்திருக்கிறேன். தை பிறந்ததும் இங்கேயே பதிவு ஆபீஸில் கையெழுத்துப் போடுகிறோம். மலையேற முடியாது, முட்டி வலிக்கிறது என்று அத்தை சொல்லிவிட்டார். அதனால் குமரேசன்தான் கீழே வந்து எங்களோடு இருக்கப்போகிறார். அவர் சொந்தக்காரர்கள் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். சேகரும் பேசவில்லை. அவர் தப்பானவர் இல்லை. அண்ணன் என்று உங்களைத் தவிர அவருக்கு யார் இருந்தார்கள்?

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். அத்தையை எந்த வீட்டிலும் தனியாக விட மாட்டேன். சேகர் வீட்டுக் கதவை நானே போய்த் தட்டுவேன். திறக்காவிட்டால் மறுபடியும் போவேன். அண்ணி என்று அவர் கூப்பிடும் வரைக்கும் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவின் மருமகள், கயலின் அம்மா,
மல்லிகா