தபாலில் போடாத மூன்று கடிதங்கள்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும், பிறந்திருக்கும் குட்டி மருமகனும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். தையல் பிரித்தாகிவிட்டதா? எழுந்து நடக்கிறாயா? குனிந்து குடம் கிடம் தூக்காதே. மாப்பிள்ளை சொன்னால் கேட்கமாட்டாய், அதனால் நான் சொல்கிறேன்.

உன் மூத்தவள், அந்த வாலு, நன்றாக இருக்கிறாள். லீவுக்கு இங்கே வந்த நாற்பது நாளில் வெயிலில் கறுத்து, முட்டியெல்லாம் சிராய்த்து, பார்த்தால் உனக்கே அடையாளம் தெரியாது. பம்புசெட் தொட்டியில் இறங்கினால் ஏறுவதில்லை. வெண்டைக்காய் பறிக்க வரும் பெண்களுக்கு முன்னால் போய் வரப்பில் நிற்கிறாள். உன் அண்ணி அத்தனை சொல்லியும் கேளாமல் அடைக்கோழிக்கு அடியில் கையை விட்டு, நன்றாகக் கொத்து வாங்கினாள். அழவில்லை, கோழியைத்தான் அரைமணி நேரம் திட்டினாள். வாய் அப்படியே நீதான். உன் அண்ணி இப்போதெல்லாம் வேலை செய்துகொண்டே பாடுகிறாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவளுக்குப் பாட வரும் என்றே எனக்குத் தெரியாது.

சரி, சுற்றிவளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படு, ஆனால் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

வந்த வாரமே அவள் உனக்கு ஒரு கடிதம் எழுதி, தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று எழுதியிருந்தாள். நிறைமாதத்தில் நீ தவித்துப்போவாயே என்று விதை டப்பாவில் வைத்துவிட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு இன்னும் இரண்டு கொடுத்தாள். அதையும் போடவில்லை. பிள்ளை ஒரு வரிகூட எழுதவில்லையே என்று மாப்பிள்ளை கார்டு போட்டாரே, விளையாட்டு மும்முரத்தில் இருக்கிறாள் என்று கூசாமல் பதில் எழுதினேன். பிள்ளையில்லாத இந்த வீட்டிலிருந்து அவளை அழைத்துக்கொண்டு போய்விடுவீர்களே என்ற பயம்தான், வேறென்ன.

தினமும் தபால்காரர் மணி கேட்டதும் வேலிக் கதவுவரை ஓடுவாள். நேற்று ஓடவில்லை. தக்காளிப் பாத்தியில் குனிந்த தலை நிமிராமல் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அம்மாவுக்கு இப்ப தம்பிப் பாப்பா இருக்கில்ல மாமா. நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றாள்.

இந்தப் பேச்சை அவள் வாயால் கேட்க எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன் தெரியுமா? ஆனால் கேட்டதும் நேராகப் போய் விதை டப்பாவை எடுத்து வந்தேன். டப்பாவைத் திறந்து மூன்றையும் அவளிடம் கொடுத்து, செய்ததைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "அப்ப அம்மா இதைப் படிக்கவே இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். முகமெல்லாம் சிரிப்பு. அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதற்குக்கூட உன் அண்ணியைத்தான் அனுப்புகிறாள்.

மூன்றையும் இதோடு வைத்திருக்கிறேன். உறையை ஒட்டியதும் அவளே பெட்டியில் போடுவாளாம். சைக்கிள் மிதிக்க மட்டும் எனக்கு அனுமதி.

மாப்பிள்ளையை உடனே அனுப்பு. இவள் வந்து இறங்கும்போது கைக்குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு, முதலில் இவளைக் கட்டிக்கொள். இரண்டும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்கட்டும்.

அடுத்த லீவைப் பற்றிக் கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் உன் அண்ணி ஒரு பாவமும் அறியாதவள். அவளுக்கும் நேற்றுதான் தெரியும். இன்றைக்குக் காலையிலிருந்து அவள் பாடவில்லை. அவளுக்காகவாவது கொஞ்சம் யோசித்துப் பார், தங்கச்சி.

இப்படிக்கு,
என்றும் உன் அண்ணன்