படத்துக்குக் கீழே ஒரு நாற்காலி

என் பிரியமான அப்பா,

ஏலப்பாறையில் மழை இன்னும் விடவில்லை. தொழிலாளர் சங்க ஆபீசில் உங்கள் படத்தை மாட்டியாயிற்று. மாட்டலாமா என்று முதலில் என்னிடம்தான் கேட்டார்கள். உடனே சரி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எஸ்டேட் ஆபீசில் தொழிலாளி உட்காரக் கூடாது என்பது அந்தக் கால வழக்கம். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்க வேண்டும். நீங்கள் செருப்போடு உள்ளே போனீர்கள். பெஞ்சு போடும்வரை பேச்சே கிடையாது என்றீர்கள். பெஞ்சு வந்தது. முதலில் உட்கார்ந்தது கொழுந்து கிள்ளும் முத்தம்மா அத்தை. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவளுக்குக் கண் கலங்கிவிடும்.

அதே மனிதர் வீட்டில்? நீங்கள் சாப்பிட்டுக் கை கழுவும்வரை அம்மா நின்றாக வேண்டும். ஒருநாள் காய்ச்சலில் உட்கார்ந்துவிட்டாள் என்று தட்டைத் தள்ளிவிட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அன்று உங்களை வெறுத்தேன். மறைக்க என்ன இருக்கிறது?

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. அம்மா இன்னும் அடுப்புப் பக்கத்தில் நின்றபடிதான் சாப்பிடுகிறாள். உட்காரச் சொன்னால், பழகிப்போச்சு என்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

படத்தைப் பற்றி அவளிடமே கேட்டேன்.

"மாட்டட்டும் தாயி. பெஞ்சு வாங்கித் தந்தது அந்த மனுசன்தான, இல்லேன்னு சொல்ல முடியுமா?" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "ஆனா நீ பேசுறப்ப என் கால்வலியயும் சேத்துச் சொல்லிரு" என்றாள்.

சொன்னேன். படம் மாட்டிய அன்று எல்லோர் முன்னாலும் பெஞ்சையும் சொன்னேன், தட்டையும் சொன்னேன். சங்கத்து ஆண்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை.

பிறகு எல்லோருக்கும் கப்பக்கிழங்கும் பால் விடாத கட்டஞ்சாயாவும் கொடுத்தார்கள். அம்மா வழக்கம்போலத் தட்டோடு சுவரோரம் நின்றாள். முத்தம்மா அத்தை ஒரு நாற்காலியை இழுத்து உங்கள் படத்துக்கு நேர் கீழே போட்டாள். அம்மா நிமிர்ந்து உங்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, அவசரமில்லாமல் சாப்பிட்டாள். இரண்டாம் தடவையும் கிழங்கு கேட்டாள்.

அந்தப் படத்தை யாரும் கழற்ற விடமாட்டேன், அப்பா. அந்த நாற்காலியையும்தான்.

அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதும்
உங்கள் மகள் செல்வி