ஒன்பதாம் இலக்கக் குதிரை

மாமி,

இன்று காலை எல்லிங்ஸ்ருட் வீட்டில் உங்கள் உடுப்பு அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தோம். கொக்கியில் தொங்கிய கருநீல ஜாக்கெட்டை உங்கள் மகள் எடுத்து, ஒரு கணம் கையில் வைத்திருந்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "இது உங்களுக்குத்தான் சேர வேணும்" என்றாள். பைக்குள் கை விட்டேன். ஒரு குட்டைப் பென்சில், காகிதத்தில் மடித்த நாலு கராம்பு. ஜாக்கெட்டை முகத்தருகே கொண்டுபோனதும் கராம்பு வாசனைக்குப் பின்னால் வைக்கோலும் காப்பியும் குதிரையும் மணத்தன. நீங்கள் எத்தனையோ தடவை துவைத்த ஜாக்கெட் அது. அந்த மணம் போகவே இல்லை.

நோர்வே வந்து உங்களை முதன்முதலில் பார்த்தபோது "அத்தை" என்று கூப்பிட்டேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் மனைவியின் அம்மா அத்தைதான். உங்களுக்கு அது வேறு யாரோ. உங்கள் மகள் காதருகே வந்து, "மாமி எண்டு கூப்பிடுங்கோ" என்றாள். சென்னையில் நான் வளர்ந்த தெருவில் மாமி என்றால் எதிர்வீட்டு மாடியில் ரேடியோ வைத்துக்கொண்டு அப்பளம் காயப்போடுகிறவர். அந்தச் சொல் உங்கள்மேல் வந்து உட்கார எனக்கு ஒரு வருடம் ஆனது.

நீங்கள் என்னிடம் மரியாதையாகத்தான் இருந்தீர்கள். அதுதான் பிரச்சினை. "தம்பி, சாப்பிட்டீங்களோ?" "தம்பி, இன்னும் கொஞ்சம் போடட்டோ?" இந்த இரண்டு கேள்விகளைத் தாண்டி நாம் பேசியதே இல்லை. மகள் ஓர் இந்தியாக்காரனைக் கட்டியதில் உங்களுக்கு மனத்தாங்கல் இருந்தது எனக்குத் தெரியும். நீங்கள் சொன்னதில்லை, நான் கேட்டதில்லை.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. உங்கள் மகளுக்கு மருத்துவமனையில் வேலை; வேலை முறையை இங்கே வக்ட் என்பார்கள். "எனக்கு இண்டைக்கு வக்ட். அம்மாவை வழமைபோலக் கோயிலுக்குக் கொண்டுபோய் விடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். காரில் நீங்கள் என் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டீர்கள். முதல் சிக்னலில் கார் நின்றதும் முன்னாலேயே பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்:

"தம்பி, கோயிலுக்கு இல்லை. பியர்க்கேக்கு விடுங்கோ."

"பியர்க்கேல என்ன மாமி?"

"குதிரை."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. பியர்க்கே ஓட்டத் திடலின் பார்வையாளர் கூடத்தைப் பதினொரு வருடம் கூட்டித் துடைத்தவர் நீங்கள் என்று அன்றுதான் தெரிந்தது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வேலையை விட்டீர்கள், குதிரைகளை விடவில்லை. கோயிலில் சனம் கதைக்கும் என்று மகளிடம் மறைத்து, அவள் கோயிலில் இறக்கிவிட்டதும் பஸ் ஏறிப் போய் வந்தீர்கள். அன்றிலிருந்து அந்த ரகசியத்தில் நானும் பங்காளி.

குதிரைப் பந்தயம் என்றால் கிண்டியில் ஜாக்கி ஏறி விரட்டுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இங்கே குதிரைக்குப் பின்னால் இரண்டு சக்கர வண்டி, அதில் ஓட்டுகிறவர். குதிரை துள்ளுநடையில் மட்டுமே ஓட வேண்டும். அவசரப்பட்டு நாலுகால் பாய்ச்சலுக்கு மாறினால் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள். "ஓடத் தெரிஞ்சால் காணாது தம்பி, பொறுக்கத் தெரிய வேணும்" என்றீர்கள்.

நீங்கள் கட்டும் பணம் ஒரு காப்பி விலைதான். உங்கள் சந்தோஷம் ஓட்டம் முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கும். காப்பியும் வாஃபலும் எடுத்துக்கொண்டு, பழைய லொறி ஓட்டுநரான ஒரு நோர்வேக் கிழவரோடு மேசையில் உட்கார்ந்து, முடிந்துபோன ஓட்டத்தை மறுபடி முதலிலிருந்து ஓட்டுவீர்கள். நாலை விட்டு ஆறை ஏன் எடுத்தோம், வளைவில் அவன் ஏன் உள்ளே மாட்டிக்கொண்டான், மழை பெய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும். உங்கள் நோர்வே மொழியில் யாழ்ப்பாணம் மணக்கும். அவருக்கு எல்லாம் விளங்கும். எனக்குத்தான் பாதி விளங்காது. போகப் போக நானும் அந்த மேசையில் வாய் திறக்க ஆரம்பித்தேன். நம் இருவருக்கும் பேசுவதற்கு ஒரு விஷயம் கிடைத்திருந்தது.

அந்த ஜூன் மாதத்துப் பெரிய ஓட்ட நாளை எழுதாமல் இந்த மடலை முடிக்க முடியாது, மாமி.

வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் நீங்கள் கொஞ்சம் கூடுதலாகப் போடுவீர்கள். அடுத்தடுத்த ஏழு ஓட்டங்களிலும் வெல்லும் குதிரையைச் சரியாகச் சொல்ல வேண்டும். ஓர் ஓட்டத்துக்கு இரண்டு மூன்று குதிரைகளை எழுதலாம். எழுத எழுதச் செலவு ஏறும். ஏழாவது ஓட்டத்துக்கு நீங்கள் ஒன்றே ஒன்றுதான் எழுதினீர்கள். ஒன்பதாம் இலக்கம். இடது பின்காலில் வெள்ளைப் பட்டை போட்ட பழுப்புப் பெண் குதிரை. அதுவரை பெரிய ஓட்டம் எதையும் வென்றதில்லை.

"ஜெயிச்சா என்ன செய்வீங்க மாமி?" என்று கேட்டேன்.

"ஒரு குதிரையிலை பங்கு வாங்குவன். முழுக் குதிரை வேண்டாம். வாலாவது என்ரையா இருக்க வேணும்."

முழங்கால் வலி என்று உங்கள் தெரிவுகளை எழுதிய தாளை என்னிடம் தந்து கவுண்டருக்கு அனுப்பினீர்கள். வரிசையில் நின்றபோது முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஏழாம் இலக்கத்தைப் பற்றியே பேசினார்கள். பத்திரிகைகள் அத்தனையும் அதையே சொல்லியிருந்தன. உங்களுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். இரண்டையும் எழுதியிருக்கலாம், கூடுதல் காசை என் பையிலிருந்தே கொடுத்திருக்கலாம். அது அந்த நேரத்தில் தோன்றவில்லை. ஒன்பதை எடுத்துவிட்டு ஏழைப் போட்டேன். சீட்டை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். உங்களிடம் சொல்லவில்லை.

முதல் ஓட்டம் சரி. இரண்டாவது சரி. ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஓட்டப் பட்டியலில் பென்சிலால் ஒரு சரி போட்டீர்கள். நாலாவதில் கிழவர் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு நம் பக்கம் வந்தார். ஆறாவதும் சரியானபோது சரியை இரண்டு தடவை போட்டீர்கள்.

"தம்பி, வாஃபலைச் சாப்பிடேல்லை?"

"பசிக்கல மாமி."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏழாவது ஓட்டம் புறப்பட்டது. நீங்கள் கராம்பு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கைகளைக் கோத்தீர்கள். நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் குதிரை தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான பிரார்த்தனை அது.

கடைசி வளைவு வரை ஏழுதான் முன்னால். பிறகு அது பொறுமையிழந்தது. ஒரு துள்ளல், இரண்டு, பாய்ச்சலுக்கு மாறிவிட்டது. கூட்டம் முழுவதும் "ஓ" என்றது. வெளிப்பக்கத்தால் ஒன்பது வந்தது. தலையைத் தாழ்த்தி, கால் மாறாமல், யாரையும் பார்க்காமல்.

நீங்கள் முழங்காலை மறந்து எழுந்து நின்றீர்கள். என்னைக் கட்டிப்பிடித்தீர்கள். முதல் தடவை. "வெண்டிட்டம் தம்பி! வெண்டிட்டம்!" கிழவர் தொப்பியைக் கழற்றி மேசையில் அடித்தார். நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டுவிட்டீர்கள். "பிள்ளை, நான் குதிரையிலை வெண்டிட்டன். ஓம், குதிரையிலை. கோயில் எண்டு பொய் சொன்னனான், பிறகு பேசு." அவள் அந்தப் பக்கம் சொன்னது எனக்கும் கேட்டது: "அம்மா, எனக்கு எப்பவோ தெரியும். கோயிலுக்குப் போற ஆளின்ரை ஜாக்கெட் ஏன் குதிரை மணக்குது?"

நீங்கள் சிரித்தபடி போனை வைத்தீர்கள். "சீட்டைத் தாங்கோ."

"மாமி, நான் ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். நீங்கள் சீட்டை வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கி, கடைசி வரியை நெடுநேரம் பார்த்தீர்கள். கிழவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் தொப்பியை மெதுவாகத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

எல்லிங்ஸ்ருட்டில் காரை நிறுத்தினேன். கார்க் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்த பிறகுதான் திரும்பினீர்கள்.

"ஏழை எடுத்தது பிழை இல்லை. எத்தினை பேர் எடுத்தவை. எனக்குச் சொல்லாமல் எடுத்தது பிழை. என்ரை முகத்தைப் பாத்து, மாமி உங்கடை குதிரை வெல்லாது எண்டு சொல்லியிருக்கலாம். நான் சண்டை பிடிச்சிருப்பன். அவ்வளவுதானே?"

மூன்று சனிக்கிழமைகள் நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. பேருந்தில் போய் வந்தீர்கள் என்று உங்கள் மகள் சொன்னாள். அவளும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நாலாவது சனிக்கிழமை காலை போன் அடித்தது. "தம்பி, வாறீங்களோ? பஸ்ஸிலை கால் மடக்க இடமில்லை." மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை. காரில் ஏறியதும் ஒரு கராம்பைத் தந்தீர்கள்.

அதற்குப் பிறகு அந்த ஓட்டத்தை எத்தனை தடவை திரும்ப ஓட்டினோம் மாமி! முதல் வருடம் எல்லாக் குற்றமும் என்மேல்தான். மறு வருடம், "நான் எழும்பி வந்திருக்க வேணும், காலைச் சாட்டி உங்களை அனுப்பினது என்ரை பிழை" என்றீர்கள். அதற்கடுத்த வருடம் குற்றம் ஏழாம் இலக்கத்தை ஓட்டியவன்மேல் போனது. "உவன் அதைக் குழப்பாமல் விட்டிருந்தால் அது வெண்டிருக்கும், நீங்களும் பெரிய கெட்டிக்காரன் ஆகியிருப்பீங்கள்" என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

ஒரு நாள், பழைய கதையின் நடுவே, என்னைப் பார்க்காமலே சொன்னீர்கள்: "பிள்ளைக்கு நான் சொன்ன மாப்பிள்ளை வேறை. இங்கை, ரொம்மன் பக்கம் இருந்தவர், எங்கடை ஊர்ப் பெடியன். அவள் கேக்கேல்லை. ஆனா வேண்டாம் எண்டு என்ரை முகத்தைப் பாத்துச் சொன்னவள்." கொஞ்சம் காப்பி குடித்தீர்கள். "அதிலை நான் தோத்தது நல்லது." என் வாஃபலில் பாதியைப் பிய்த்து உங்கள் தட்டில் வைத்தேன்.

உங்கள் அறுபத்தைந்தாவது பிறந்த நாளுக்கு நானும் உங்கள் மகளும் சேர்ந்து ஒரு குதிரையில் பன்னிரண்டில் ஒரு பங்கு வாங்கித் தந்தோம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நீங்கள் லாயத்துக்குப் போய் உண்மையாகவே பல்லைப் பார்த்தீர்கள். பிறகு நாலு காலையும் தடவினீர்கள். "சோம்பேறி" என்றீர்கள். அதன் நெற்றியில் உங்கள் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றீர்கள். அந்தச் சோம்பேறி இதுவரை ஓர் ஓட்டமும் வென்றதில்லை. தோற்ற ஒவ்வொரு தடவையும் ஒரு வாரத்துக்குக் காணும் அளவுக்கு உங்களிடம் காரணங்கள் இருந்தன.

போன பனிக்காலத்தில், அந்த வெள்ளிக்கிழமை, "கொஞ்சம் களைப்பாக் கிடக்கு" என்றீர்கள். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். "நாளைக்குக் குதிரை ஓடுது, திங்கள் பாப்பம்" என்றீர்கள். நானும் சரி என்றேன். ஞாயிறு விடியும்போது நீங்கள் இல்லை. எல்லாம் திடீரென்று நடந்தது, முன்னமே வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியுமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஏன் அன்றே கூட்டிக்கொண்டு போகவில்லை என்று உங்கள் மகள் ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை. ஆனால் நான் அந்த வெள்ளிக்கிழமையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். "முடிஞ்ச ஓட்டத்தை ஆர்தான் வெல்லமாட்டினம்?" என்று நீங்கள் கிழவரைக் கேலி செய்வீர்கள். அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த நிமிடம் நீங்களே மறுபடி ஆரம்பிப்பீர்கள். அதனால் எனக்கும் மன்னிப்பு உண்டு என்று வைத்துக்கொள்கிறேன்.

போன சனிக்கிழமை உங்கள் மகள் முதன்முதலாக என்னோடு பியர்க்கேக்கு வந்தாள். உங்கள் குதிரை ஓடியது. "அம்மான்ரை குதிரைக்குத்தான் போட வேணும்" என்றாள். முன்பு என்றால் தலையாட்டிவிட்டுக் கவுண்டருக்குப் போய் என் இஷ்டத்துக்கு ஏதாவது செய்திருப்பேன். அவள் முகத்தைப் பார்த்து, "இது ஜெயிக்காது. எனக்குக் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. ஆனா நீ சொன்னா போடறேன்" என்றேன். அவள் முறைத்தாள். "போடுங்கோ" என்றாள். போட்டேன். சீட்டைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

கடைசிக்கு முந்தியதாக வந்தது, மாமி. ஆனால் ஒரு தடவைகூடப் பாய்ச்சலுக்கு மாறவில்லை.

திரும்பி வரும்போது அவள் ஆரம்பித்தாள். "அந்த வளைவிலை வெளியாலை எடுத்திருந்தால் மூண்டாவதா வந்திருக்கும்." வெளியால் எடுத்திருந்தால் இன்னும் பின்னால் போயிருக்கும் என்றேன். "உங்களுக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும்?" என்றாள். வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் இருவரும் இறங்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியெல்லாம் ஆவி படிய, அதையே கதைத்துக்கொண்டிருந்தோம்.