எண் போடாத சீட்டுகள்

பேராசிரியர் அவர்களுக்கு,

சப்பாத்துப் பெட்டியைத் திறந்ததும், நீங்கள் ஓயாமல் வாயில் போட்டுக்கொள்ளும் அதிமதுர மிட்டாயின் வாசம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. ஒரு சீட்டிலாவது எண் போட்டிருக்கக்கூடாதா?

லிபெர்த்தா வீதி வீட்டில் உங்களைப் பராமரிக்க வந்த முதல்நாள், மன்னாரில் முப்பது வருடம் படிப்பித்தவள் என்று சொன்னேன். அன்றிலிருந்து நான் உங்களுக்கு 'மயெஸ்த்ரா', உங்கள் மொழியில் ஆசிரியை. கவிதையாலேயே ஒருவரோடொருவர் சண்டை பிடித்த சிசிலியின் பழைய யூதக் கவிஞர்களைப் பற்றிய உங்கள் நூலுக்கு ஆறு பெட்டிகள். சீட்டுக்கு ஒரு எபிரேயக் கவிதை, பின்பக்கம் இத்தாலிய மொழிபெயர்ப்பு. எந்தக் கவிதைக்கு எது பதில் என்பதை நீங்கள் சீட்டுகளை வைத்திருந்த அடுக்குத்தான் சொன்னது. எனக்கு அது தெரியாது.

நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தூசி தட்டினேன். விடைத்தாள்களைச் சுட்டெண் வரிசையில் அடுக்கிப் பழகிய கை சும்மா இருக்குமா? மூலையிலிருந்த தேதிகள் நீங்கள் பிரதி எடுத்த நாட்கள் என்று அறியாமல், எல்லாவற்றையும் தேதிப்படி அடுக்கிவிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தீர்கள். "மயெஸ்த்ரா, இவ்வளவு சண்டைக்காரர்களையும் வரிசையில் நிற்க வைத்துவிட்டீர்களே!" நான் அழுதேன். ஐந்து பெட்டிகளை மறுபடி அடுக்கினீர்கள். எண் போடுங்கள் என்று தினமும் கெஞ்சினேன். "போட்டால் பிறகு மாற்ற மனம் வராது" என்பீர்கள். ஆறாவதைத் தொடுமுன் போய்விட்டீர்கள்.

வரிசை இல்லாததை அச்சிட முடியாது என்று பதிப்பாளர் ஐந்தை மட்டும் எடுத்துப்போனார். வெள்ளிக்கிழமைவரை தவணை கேட்டு ஆறாவதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"அம்மா, அந்த மனுசன் செத்தும் உங்களை விடேல்லை" என்கிறாள் மகள்.

"குழப்பினது நான்தானே பிள்ளை."

"உங்களுக்கு எபிரேயம் தெரியுமோ?"

"பின்பக்கம் இத்தாலியன் கிடக்கு. நீ போய்ச் சமையலைப் பார்."

பரீட்சையில் இரண்டு பிள்ளைகள் ஒரே பிழை விட்டால், யாரைப் பார்த்து யார் எழுதினார் என்று கண்டுபிடித்துவிடுவேன் என ஒருமுறை உங்களிடம் சொன்னேன். "என் தொழிலும் அதுதான்" என்று சிரித்தீர்கள். அதை வைத்துத்தான் இப்போது ஒன்றையொன்று தொடும் சீட்டுகளைத் தேடுகிறேன். நண்பன் அனுப்பிய திராட்சை ரசம் புளிப்பு என்கிறார் ஒருவர். அப்படியானால் சாடி ஏன் வெறுமையாகத் திரும்பியது என்று இன்னொரு சீட்டு கேட்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தேன். சரியா என்று கேட்க நீங்கள் இல்லை. இன்னும் முப்பத்தெட்டுச் சீட்டுகள் கிடக்கின்றன.

கோபம் ஆறவில்லை. புளிப்பு ரசத்தின் மூலையில் ஒன்று என்று போட்டுவிட்டேன், வெறுஞ்சாடியில் இரண்டு என்று. பென்சிலால்தான், அழுத்தாமல்.