சங்கிலியில் தெரிந்த செம்பு

1979 பங்குனி, ஞாயிறு.

நாளைக்குத் திருவிழா. கொழுந்தன் பெண்டாட்டி ராணி தன் நகைகளைக் கழுவ என்னிடம் கொண்டுவந்தாள். கொலுசைத் திருநீறு போட்டுத் தேய்த்தேன். இந்த மலைப் பனிக்கு வெள்ளி சீக்கிரம் கறுத்துவிடும். திரிங்காப்பு ஊரில் இருக்கும் என் தங்கை, கறுக்காமலிருக்க மெட்டியை அரிசிக்குள் புதைத்துவைத்து, மறந்துபோய் உலையில் போட்டவள். தங்கத்தைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்தேன். ராணியின் ஐந்து பவுன் சங்கிலி பளபளக்கப் பளபளக்க எனக்கு வயிறு எரிந்தது.

"அக்கா, ஒங்க சங்கிலியையும் கழட்டுங்க. சேத்தே கழுவிடலாம்லா" என்றாள்.

என்னுடையது கவரிங். துணியால் துடைப்பதோடு சரி, தேய்க்கக்கூடாது. எஸ்டேட் லயத்து வீடுகளில் யாருக்கும் அது தெரியாது. மாட்டேன் என்றால் தெரிந்துவிடுமே என்று கழட்டி, அவளுடையதைவிட அழுத்தியே தேய்த்தேன். முலாம் போய்ச் செம்பு தெரிந்தது.

ராணி பார்த்துவிட்டாள்.

"இந்தப் பனிக்குத் தங்கம்கூட செவந்துபோவுது பாருங்கக்கா" என்று சொல்லி, தன் சங்கிலியை மடித்த மாதிரியே அதையும் ரோஸ் தாளில் மடித்து என் கையில் வைத்தாள்.

அவள் சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். தங்கமும் அவளிடம், நல்ல மனசும் அவளிடம் என்றால், நாளைக்கு நான் எதைப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் நிற்பது?