தாய்மாமன் மடி

பூதப்பாண்டி
20-12-2013

அன்புள்ள தம்பி பகவதிக்கு,

அக்கா அஜிதா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீயும் ஆன்ட்ரூஸும் சுகமா? பெங்களூர்க் குளிரில் அவனுக்கு இருமல் என்றாயே, குறைந்ததா?

பாப்பாவுக்குக் காது குத்து தை கடைசி வெள்ளிக்கிழமை, நம்ம இசக்கியம்மன் கோவிலில். மாமன் மடியில் உட்காரணும் என்று இப்போதே கம்மலைக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறாள். கட்சியில் என்னை மகளிரணிச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். மாமியார் வீட்டிலேயே கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது, சிரிக்காதே. ரெண்டு பேரும் முந்தின நாளே வந்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா

பெங்களூர்
2-1-2014

அக்காவுக்கு,

வடசேரிக் கூட்டத்தில் நீ பேசியதை யாரோ போனில் எடுத்து அனுப்பியிருந்தார்கள். "ஆணும் ஆணும் சேந்து வாழுறது குற்றம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு. இது நம்ம பண்பாட்டுக்குப் பிடிச்ச சீக்கு. ஒரு வீட்டுலயும் விடப்பிடாது." ஆன்ட்ரூஸ் பக்கத்தில் இருந்து பார்த்தான். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினான்.

எங்களைப் பற்றி நான் முதலில் சொன்னது உன்னிடம்தான். "நீ எப்பிடி இருந்தாலும் எனக்க தம்பிதாம்ல" என்றாய். அதை நம்பித்தான் இத்தனை வருஷமும் ஊருக்கு வந்து போனேன்.

எங்களுக்காக மேடையில் பரிந்து பேச வேண்டாம். இனி இதைப் பேசாமல் இரு, போதும். முடியுமா?

பகவதி

பூதப்பாண்டி
10-1-2014

தம்பி,

உன் கடிதத்தை அடுக்களையில் ஒளிந்து நின்று படித்தேன். வெட்கமாக இருக்கிறது. அந்தப் பேச்சு கட்சி ஆபீசில் எழுதித் தந்தது. கட்சியின் நிலைப்பாடு அதுதானாம். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஆனால் கைதட்டல் கேட்டதும் குரலை இன்னும் ஏற்றினேனே, அதை யாரும் எழுதித் தரவில்லை.

இனிப் பேசமாட்டேன். இன்னொன்று, கேட்கவே கூசுகிறது. எங்கள் மாவட்டச் செயலாளர் கோலப்பன் அண்ணாச்சி விழாவுக்கு வருகிறார். நீ மட்டும் வருவாயா? ஆன்ட்ரூஸ் என் மேல் கோபப்பட்டால் அது நியாயம்தான்.

அக்கா

பெங்களூர்
9-2-2014

அக்காவுக்கு,

நான் வந்தேன். தனியாகத்தான் வந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரே உன் கட்சிப் பையன்கள் வைத்த பிளக்ஸ். 'பண்பாட்டுச் சீக்கை விரட்டும் எங்கள் அக்கா இல்லக் காதணி விழா' என்று நடுவில் நீ. பக்கத்தில் 'தாய்மாமன் பகவதியப்பன்' என்று நான், உன் கல்யாணத்தில் எடுத்த போட்டோவில், கைகூப்பிக்கொண்டு. படத்தை வைத்து என்னை அடையாளம் கண்டுபிடித்து, "அண்ணே, வாங்க" என்று சால்வையோடு ஓடி வந்தார்கள். ஏறி வந்த பஸ்ஸிலேயே நாகர்கோவிலுக்குத் திரும்பிவிட்டேன்.

மாமனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று பாப்பாவிடம் சொல்.

பகவதியப்பன்

பூதப்பாண்டி
3-3-2014

தம்பி,

போனையும் எடுக்கமாட்டேன் என்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

அந்தப் பிளக்ஸை நான் முந்தின நாளே பார்த்தேன். ஊர் வழக்கப்படி தாய்மாமன் படம் இருக்கணும் என்று பையன்கள் ஆசையாகச் செய்தது. நீ அந்த வழியாகத்தான் வருவாய் என்று எனக்குத் தெரியும். எடுக்கச் சொன்னால் காரணம் கேட்பார்களே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

உன்னைக் காணாமல் நேரம் போனது. "நம்ம கட்சிதாம் பிள்ளைக்கு மாமன்" என்று கோலப்பன் அண்ணாச்சி பாப்பாவை மடியில் வாங்கிக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவள் மாமா, மாமா என்று அழுதாள். வலியில் அழுகிறாள் என்றார்கள்.

நேற்று தோவாளையில் கூட்டம். அதே பேச்சைக் கையில் தந்தார்கள். இதைப் பேசமாட்டேன், எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான் என்று சொல்லத்தான் போனேன். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னேன். வேறொருத்தி வாசித்தாள். நான் மேடையிலேயே அவள் பின்னால் இருந்தேன். யாரோ பாவம் பார்த்து என் தொண்டைக்குச் சுக்குவெந்நீர் கொண்டுவந்து தந்தார்கள். வாங்கிக் குடித்தேன்.

அக்கா